கழற்றுவது எளிது, பூட்டுவதே தொழில்

பழைய காமிரா லென்சுகளைப் பழுது பார்ப்பது பற்றி ஒரு பார்வை

அரிசி, பருப்பு, எண்ணெய் என்று நித்தம் வாங்கி விற்கும் நமக்கும் காமிரா லென்சுக்கும் என்ன சம்பந்தம் என்று அங்கத்தினர்கள் சிலர் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. நம் வீட்டுப் பரணிலோ, கடையின் பின்கட்டு அலமாரியிலோ அப்பா காலத்துக் காமிரா ஒன்று தோல் உறைக்குள் கிடக்கக்கூடும். "இனி இதற்கு ஏது வேலை" என்று காயலான் கடையில் எடைக்குப் போடுமுன் இக்கட்டுரையை ஒருமுறை வாசித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். காமிராவுக்கு வேலை குறைந்திருக்கலாம். அதன் முன்னால் பூட்டியிருக்கும் லென்சுக்குக் குறையவில்லை.

எங்கள் குடும்பம் இரண்டு தலைமுறையாகப் புகைப்படச் சாமான்கள் விற்று வருகிறது. கடையின் ஒரு மூலையில் லென்ஸ் பழுது பார்க்கும் மேசையும் உண்டு. அந்த மேசையில் நாங்கள் கற்றதையும், ஒருமுறை பட்ட அவமானத்தையும் நம் வணிகர்கள் முன் வைக்கிறோம்.

மீண்டும் மவுசு வந்தது ஏன்?

பழைய லென்சில் மோட்டார் கிடையாது, மின்சாரம் கிடையாது. படம் தெளிவாக விழ, வளையத்தைக் கையால்தான் திருப்ப வேண்டும். தானாகவே தெளிவு பிடிக்கும் லென்சுகள் வந்ததும் இவை ஓரம் கட்டப்பட்டன.

2008 ஆம் ஆண்டு பானாசோனிக் நிறுவனம் ஜி1 என்ற காமிராவை வெளியிட்டது. உள்ளே சாய்ந்து நிற்கும் கண்ணாடி இல்லாததால் அதன் உடல் மெலிந்திருந்தது. லென்சுக்கும் காமிராவுக்கும் நடுவே ஓர் இணைப்பு வளையம் போட இடம் கிடைத்தது. எந்த நாட்டுப் பழைய லென்சையும் அதில் மாட்டலாம் என்றாயிற்று. 2013 இல் சோனியின் ஏ7 காமிரா வந்தபோது, பழைய பிலிம் சுருளின் அளவிலேயே முழுப் படமும் எடுக்க முடிந்தது. கேட்பாரற்றுக் கிடந்த சரக்குக்கு மறுபடி கிராக்கி பிறந்தது.

உதாரணத்துக்கு ஹீலியோஸ் 44-2 என்ற லென்சைச் சொல்லலாம். சோவியத் நாட்டில் மாஸ்கோவை அடுத்த கிராஸ்னோகோர்ஸ்க் தொழிற்சாலை முதலிய இடங்களில் ஏராளமாகச் செய்யப்பட்டது. ஜெர்மனியின் சைஸ் நிறுவனம் போருக்கு முன் செய்த பயோட்டார் லென்சைப் பின்பற்றியது. 58 மில்லிமீட்டர் குவியதூரம். உள்ளே ஆறு கண்ணாடி வில்லைகள், ஒளியை அளந்து விட எட்டு மெல்லிய இதழ்கள், 42 மில்லிமீட்டர் விட்டமுள்ள மரை. முகத்துக்குப் பின்னால் உள்ள மர இலைகளின் வெளிச்சத்தைச் சுழல் போல வளைத்துக் காட்டும் இதன் குணத்துக்காகவே இன்றைய இளைஞர்கள் இதைத் தேடுகிறார்கள்.

மூன்று நோய்கள்

எங்கள் மேசைக்கு வரும் லென்சுகளில் பெரும்பாலும் மூன்று குறைகளைக் காண்கிறோம்.

முதலாவது, வளையம் இறுகிப்போவது. உள்ளே மரையில் தடவிய கிரீஸ் பல ஆண்டுகளில் காய்ந்து பிசின் போல் ஆகிவிடுகிறது.

இரண்டாவது, அதே கிரீசிலிருந்து பிரிந்த எண்ணெய் மெல்லிய இதழ்களில் படிந்து ஒட்டிக்கொள்வது.

மூன்றாவது, வில்லைகளின் மேல் சிலந்தி வலை போலப் படரும் பூஞ்சைக் காளான். மழைக்காலத்தில் மல்லியும் மிளகாயும் பூத்துப்போவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு ஈரத்தின் குணத்தைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. இருட்டும், ஈரமும், அடைத்த காற்றும் சேர்ந்த இடத்தில் லென்சும் பூக்கும்.

எங்களுக்கு நேர்ந்தது

2015 ஆம் ஆண்டு, பக்கத்து ஊர்ப் புகைப்படக்காரர் ஒருவர் தம் தகப்பனார் வைத்திருந்த ஹீலியோஸ் லென்சைக் கொண்டுவந்தார். வளையம் அசையவில்லை. அடுத்த வாரம் தம் தங்கை திருமணம், அதில் அப்பாவின் லென்சால் நாலு படமாவது எடுக்க வேண்டும் என்றார். நாங்கள் மூன்று நாளில் தருவதாக வாக்குக் கொடுத்தோம்.

சிறு திருகாணிகளைக் கழற்றி, மரைக் குழாய்களைப் பிரித்து, பழைய கிரீசைத் துடைத்து, புதிய கிரீஸ் இட்டுப் பூட்டினோம். வளையம் வெண்ணெய் போல் சுழன்றது. மேசை மேல் இருந்த கணக்குப் பேரேட்டைப் பார்த்துச் சோதித்தோம். எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன. காசை வாங்கிப் போட்டோம்.

மறுநாள் காலை அவர் கடை வாசலில் நின்றார். "அண்ணாச்சி, கிட்ட இருக்கிறது நல்லா தெரியுது. தூரத்துக் கோபுரம் எப்படித் திருப்பினாலும் தெளியவே மாட்டேங்குது" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எங்களை அதிகம் சுட்டது.

தவறு எங்கே நடந்தது என்று விளக்குகிறோம். தண்ணீர்க் குழாயின் மரைக்கு நுழைவாய் ஒன்றே. லென்சின் மரை அப்படியல்ல. கொஞ்சம் திருப்பினாலே அதிகம் நகர வேண்டும் என்பதால், பல மரைகள் பக்கம் பக்கமாக வெட்டப்பட்டிருக்கும். ஆகவே நுழைவாய்களும் பல. எதில் நுழைத்தாலும் மரை சுகமாக ஏறிவிடும். ஆனால் சரியான வாய் ஒன்றுதான். தவறான வாயில் ஏறினால் லென்ஸ் தன் இடத்தைவிட்டுச் சற்று முன்னே நின்றுவிடும்.

சற்று என்றால் எவ்வளவு? 58 மில்லிமீட்டர் லென்சை, கண்ணுக்கெட்டாத் தூரத்திலிருந்து 10 மீட்டர் தொலைவுக்குத் தெளிவுபடுத்த அது நகர வேண்டியது ஏறக்குறைய 0.34 மில்லிமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. அவ்வளவு முன்னே நின்றுவிட்டால் 10 மீட்டருக்கு அப்பால் உள்ளது எதுவும் தெளியாது. பக்கத்தில் இருந்த பேரேடு எங்களை ஏமாற்றியதன் காரணம் இதுவே.

இதைத் தடுக்கச் செய்ய வேண்டியது மிகச் சிறிய காரியம். மரையைத் திருகிப் பிரிக்கும்போது, இரு குழாய்களும் ஒன்றைவிட்டு ஒன்று விலகும் அந்தக் கணத்தில் நிறுத்தி, இரண்டிலும் ஊசியால் நேர்க்கோடு ஒன்று கீற வேண்டும். பூட்டும்போது கோடும் கோடும் சேரும் இடத்தில் நுழைத்தால் போதும். அவசரத்தில் அந்த ஒரு கோட்டை நாங்கள் கீறவில்லை.

வாங்கிய காசை அப்போதே திருப்பிக் கொடுத்தோம். அன்று இரவு ஒவ்வொரு வாயாக நுழைத்து, ஒவ்வொரு முறையும் மொட்டை மாடிக்குப் போய்த் தூரத்து விளக்கைப் பார்த்துச் சோதித்தோம். விடியுமுன் சரியான வாய் அகப்பட்டது. படங்கள் நன்றாக வந்தன. இருந்தாலும் அவர் அதன்பின் வேறு வேலை எதுவும் எங்களிடம் கொண்டுவரவில்லை. அவரைக் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை.

மேசையில் இப்போது உள்ள ஒழுங்கு

அன்றிலிருந்து சில விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

கழற்றும் ஒவ்வொரு கட்டத்தையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். திருகாணிகளைக் கழற்றிய வரிசையிலேயே தனித்தனிக் கிண்ணத்தில் போட வேண்டும். வில்லையின் எந்தப் பக்கம் முன்பக்கம் என்று அதன் விளிம்பில் பென்சிலால் குறிக்க வேண்டும். ஒரு வில்லை திரும்பிவிட்டாலும் படம் கெட்டுவிடும்.

திருப்புளி பொருத்தமாக இருக்க வேண்டும். ஜப்பானியத் திருகாணியின் கூட்டல் குறி வெட்டு, வழக்கமான திருப்புளிக்குச் சரியாகப் பொருந்தாது. அழுத்தித் திருகினால் தலை நசுங்கிவிடும். நசுங்கிய தலையைக் கண்டால், முன்பே யாரோ கைவைத்த சரக்கு என்று அறியலாம்.

இதழ்களுக்கு ஒருபோதும் எண்ணெய் இடக்கூடாது. அவை உலர்ந்த நிலையில் வேலை செய்யவே அமைக்கப்பட்டவை. எல்லாம் பூட்டியபின், தூரத்துப் பொருளைப் பார்த்துச் சோதிக்காமல் காசு வாங்கக் கூடாது.

முடியாததை முதலிலேயே சொல்லுங்கள்

எல்லாப் பழுதும் தீரக்கூடியதல்ல. காளான் மேலாக இருந்தால் துடைத்து எடுக்கலாம். அது வில்லையின் மேல்பூச்சை அரித்துவிட்டால் தழும்பு நிற்கும். இரு வில்லைகளை ஒட்டிய பசை விட்டுப்போனால் அதைச் சரிசெய்யும் செலவு, பல சமயம் லென்சின் விலையையே தாண்டிவிடும். இவற்றை டார்ச் விளக்கின் ஒளியில் வாடிக்கையாளருக்கே காட்டி, ரசீதில் எழுதியபின்தான் இப்போது திருப்புளியைக் கையில் எடுக்கிறோம். சிலர் திரும்பிப் போகிறார்கள். போகட்டும். வேலை முடிந்தபின் சொல்லும் காரணத்தை யாரும் நம்புவதில்லை.

பரணில் லென்ஸ் வைத்திருப்போர் உடனே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. தோல் உறையிலிருந்து எடுத்துவிடுங்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வையுங்கள். மாதம் ஒருமுறை எடுத்து வளையத்தைச் சுழற்றுங்கள். இறுகிய வளையத்தை மட்டும் பலம் கொண்டு திருகாதீர்கள்.

பங்காளிகள் பிரிவதும், கடை இடம் மாறுவதும், கணக்கைப் புதிய முறைக்கு மாற்றுவதும் நம் தொழிலில் நடப்பவைதான். பிரிக்கும்போது எல்லாம் நினைவில் இருக்கும் என்றுதான் தோன்றும். எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. சரக்கிருப்பையும், வரவேண்டிய பாக்கியையும், யார் பொறுப்பில் எது இருந்தது என்பதையும் பிரிக்குமுன் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஊசியால் ஒரு கோடு கீற அரை நிமிடம்கூட ஆகாது. அந்தக் கோடு இல்லாததால் எங்களுக்கு ஓர் இரவும், ஒரு வாடிக்கையாளரும் போயிற்று.