உப்புக் காற்றுக்கு அஞ்சாத அரளி

கடலோரத்தில் குடியிருக்கும் சகோதரிகளுக்கு ஒரு குறை உண்டு. ரோஜாவை ஆசையாக வாங்கி வைப்போம். பத்தே நாளில் இலை ஓரமெல்லாம் கருகிவிடும். திருவொற்றியூரில் எங்கள் மாடியில் ஒரு பக்கம் உப்புக் காற்று, மறுபக்கம் லாரிப் புழுதி. தண்ணீரும் கரிக்கும். இத்தனையையும் தாங்கி வருஷம் முழுவதும் பச்சையாக நிற்பது, என் அனுபவத்தில், அரளிதான்.

ரகசியம் அதன் இலையில் இருக்கிறது. தோல் போலத் தடித்த இலை. அது மூச்சு விடும் துளைகள் அடிப்பக்கத்தில், ரோமம் அடர்ந்த சின்னக் குழிகளுக்குள் ஒளிந்திருக்கும். ஈரம் சுலபத்தில் வற்றாது. நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டில் இதை வரிசையாக நடுவதும் இந்தத் தாங்கும் சக்திக்காகத்தான். ஜப்பானில் ஹிரோஷிமா நகரத்தின் மலர்கூட அரளிதான். 1945-ல் அணுகுண்டு விழுந்த பிறகு அங்கே முதலில் பூத்த செடி என்று அதற்கு அந்த மரியாதை.

பக்கத்து வீட்டுப் பெண் ஒரு நாள் கேட்டாள்: "அக்கா, எங்க மாமியார் வீட்லயும் அரளின்னுதான் சொல்றாங்க. ஆனா இலை வேற மாதிரி இருக்கே?"

நல்ல கேள்வி. அரளி என்ற பெயரில் இரண்டு செடிகள் இருக்கின்றன. பூஜைக்குப் பறிக்கும் செவ்வரளி, வெள்ளரளியில் ஒரு கணுவுக்கு மூன்று இலைகளாகச் சுற்றி நிற்கும். காய், பயற்றங்காய் போல ஒல்லியாக நீளும். வெடித்தால் பஞ்சு வைத்த விதைகள் பறக்கும். மஞ்சள் அரளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த வேறு செடி. இலை ஒவ்வொன்றாக, இன்னும் ஒல்லியாக, பளபளப்பாக இருக்கும். ஒடித்தால் பால் வடியும். பூ, புனல் போலத் தொங்கும். காய் மூலை வைத்த உருண்டையாகப் பச்சையாயிருந்து பிறகு கறுக்கும். இதிலும் வெள்ளைப் பூ உண்டு. ஆகவே நிறத்தை வைத்து முடிவு செய்யாமல் இலையையும் காயையும் பாருங்கள்.

இரண்டுமே விஷம். இலை, பூ, பட்டை, வேர், விதை எல்லாமே. காய்ந்தாலும் கொதித்தாலும் விஷம் போகாது. இது இதயத் துடிப்பையே தடுமாற வைக்கும். மஞ்சள் அரளிக் காயைக் குழந்தைகள் விளையாட எடுப்பதுதான் எனக்குப் பெரிய பயம். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் அந்தச் செடியே வேண்டாம் என்பேன். 2024 மே மாதம் கேரளத்தில் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு, நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ சேர்ப்பதை நிறுத்தியது. நாமும் அம்மனுக்கு மாலையாகச் சாற்றலாம். பிரசாதத் தட்டில் வைக்க வேண்டாம்.

குழந்தை கடித்துவிட்டது தெரிந்தால் வாந்தி எடுக்க வைப்பது, மோர் கொடுப்பது எதுவும் வேண்டாம். வாயில் இருப்பதைத் துடைத்து எடுத்துவிட்டு, 108-க்குச் சொல்லுங்கள், அல்லது நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ராயபுரம் பக்கத்தவர்களுக்கு ஸ்டான்லி இருக்கிறது. கடித்த இலையையோ காயையோ கையோடு கொண்டு போங்கள். குழந்தை சிரித்து விளையாடினாலும் "பார்த்துக்கலாம்" என்று இருந்துவிடாதீர்கள். வாந்தியும் மயக்கமும் பிறகு வரலாம்.

வளர்ப்பது சுலபம். பென்சில் பருமனில் ஒரு சாண் குச்சி வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு ஈர மணலில் ஊன்றுங்கள். ஒரு மாதத்தில் வேர் பிடிக்கும். ஓட்டை போட்ட பழைய பெயிண்ட் டப்பாகூடப் போதும். நல்ல வெயில் மட்டும் வேண்டும். நிழலில் வைத்தால் இலைதான் மிஞ்சும். தண்ணீரை மண் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். துளிரில் மஞ்சள் அசுவினி மொய்த்தால் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள்.

பூ புதுக் கிளை நுனியில்தான் வரும். அதனால் ஒரு முறை பூத்து ஓய்ந்ததும் நுனியை வெட்டிவிடுங்கள். வெட்டும்போது கையில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வெட்டிய கிளையை அடுப்பிலோ வெந்நீர் தவலைக்கு அடியிலோ போடாதீர்கள், அந்தப் புகையும் ஆகாது. தெருவில் எறிந்தால் ஆடு மாடு தின்னும். மூட்டையாகக் கட்டிக் குப்பை வண்டியில் போட்டுவிடுங்கள்.