ஊவாத் தோட்டங்களிற் சிறுமுதல் திரைப்படம்: ஒலிக்கருவி, கமெராத் தெரிவு பற்றிய ஒரு நோக்கு

இலங்கையின் தேயிலைத் தொழிலாளர் திரையிற் காட்டப்பட்ட வரலாற்றை ஆராயப் புகுவோர் 1934ஆம் ஆண்டில் உருவான ‘சோங் ஒஃப் சிலோன்’ என்னும் ஆவணப்படத்தைத் தவிர்த்துச் செல்ல முடியாது. இலங்கைத் தேயிலைப் பிரசார சபையின் பணத்தில், ஜோன் கிரியர்சன் தயாரிக்க, பசில் றைற் நெறிப்படுத்திய படம் அது. காட்சிகள் இலங்கையிலே படமாக்கப்பட்டன. ஒலி இலண்டனிலே பின்னர் சேர்க்கப்பட்டது. விவரணையாக ஒலிப்பவை 17ஆம் நூற்றாண்டில் றொபேட் நொக்ஸ் எழுதிய நூலின் பகுதிகள். வாசிப்பவர் லயனல் வென்ற். படத்தின் மூன்றாம் பகுதிக்கு ‘வணிகத்தின் குரல்கள்’ என்பது தலைப்பு. அதிலே கொழுந்து பறிப்போரைக் காண்கிறோம். கேட்பதோ சந்தை நிலவரத்தைக் கூறும் ஆங்கிலக் குரல்களை. இம்முரண் திட்டமிட்ட விமரிசனமே என வாதிடுவோர் உளர். அவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் கொழுந்து பறித்தவர் என்ன பேசினார் என்பதை அப்படத்திலிருந்து எவரும் அறிய முடியாது.

தொண்ணூறு ஆண்டுகள் கழிந்தபின் ஊவாவிலே நிலைமை எவ்வாறுள்ளது? தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தையும், தம்பேதன்னைத் தோட்டத்து லிப்டன் இருக்கையையும், நமுனுகுலைச் சரிவுகளையும் வானிலிருந்து படம்பிடித்துக் காட்டும் காணொளிகள் எண்ணிறந்தன. அவற்றிலே தேயிலை மலை பச்சைக் கம்பளம். தொழிலாளர் அக்கம்பளத்தின் மீது நகரும் வண்ணப் புள்ளிகள். பின்னணியில் எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய இசை. (லிப்டன் தமது தோட்டங்களை மேலிருந்து நோக்கியதாகச் சொல்லப்படும் இடத்திலிருந்தே இன்றைய பறக்கும் கமெராவும் நோக்குகின்றது என்பது தற்செயலானதன்று.) படம் மலிந்துவிட்டது, குரல் இன்னும் வந்து சேரவில்லை. பதுளை, பசறை, லுணுகலை, ஹாலி-எல, அப்புத்தளை ஆகிய பகுதிகளிலே குறைந்த பணத்தில் டிஜிட்டல் படம் எடுக்க முனையும் இளைஞருக்குக் கருவித் தெரிவு பற்றி நாம் கூற விழைவது இதிலிருந்தே தொடங்குகின்றது. முதற் செலவு ஒலிவாங்கிக்கு. அடுத்தது வில்லைக்கும் ஒளிக்கும். கமெராவின் உடலுக்கான செலவு இறுதியிலேயே. விற்பனையாளரும் விளம்பரங்களும் இவ்வரிசையை மறுதலையாகவே கூறுவர். படத்தின் கூர்மை கடைக் கண்ணாடிக்கு அப்பாலிருந்தே தெரியும். ஒலியின் தெளிவை அவ்வாறு காட்சிக்கு வைத்தல் அரிது.

இலங்கைத் தமிழ்த் திரைப்படத்தின் தொடக்கமும் சிறுமுதலோடு தொடர்புடையதே. 1962இல் வந்த ‘சமுதாயம்’ 16 மில்லிமீற்றர்ப் படச்சுருளில் எடுக்கப்பட்டது. தோட்ட வாழ்வைத் தொட்ட ‘தோட்டக்காரி’ 1963இலும், தொழிற்சங்கவாதியான வீ. பி. கணேசனின் ‘புதிய காற்று’ 1975இலும் வெளிவந்தன. அன்று படச்சுருளும் ஆய்வுகூடமும் ஒலிப்பதிவுக் கூடமும் பெரும்பணமின்றிக் கிட்டாதவை. இன்று உற்பத்திக் கருவி சட்டைப்பைக்குள் வந்துவிட்டது என்கின்றனர். இக்கூற்றை அளந்து பார்த்தல் வேண்டும். அளவுகோலாக நாம் கொள்வது டொலரையன்று. தோட்டத் தொழிலாளியின் நாட்கூலியை. 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. டொலரொன்று 300 ரூபாய் எனக் கொள்வோம். 2018இல் 1,295 டொலருக்கு வந்த பிளாக்மெஜிக் 4கே சினிமாக் கமெரா, வில்லை இல்லாமலே, ஏறத்தாழ 288 நாட்களின் உழைப்பு. 2021இல் 700 டொலர் அளவில் வந்த சோனி இசெட்வி-ஈ10 ஏறத்தாழ 156 நாட்கள். அதே ஆண்டில் 299 டொலருக்கு வந்த, இரு செலுத்திகள் கொண்ட றோட் வயர்லெஸ் கோ 2 ஏறத்தாழ 66 நாட்கள். 2024இல் 100 டொலருக்கு வந்த சூம் எச்1 எசென்ஷல் கையடக்க ஒலிப்பதிவுக் கருவி 22 நாட்கள். இவை அறிமுக விலைகள். தீர்வையும் வியாபாரியின் இலாபமும் சேர்ந்தே கொழும்பு விலை அமையும். 2022இன் நெருக்கடியில் டொலர் சில வாரங்களிலே 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியதை நினைவுகூர்ந்தால், இக்கணக்கு எத்துணை நிலையற்றது என்பது புலனாகும். எனினும் ஒப்பீடு மாறாது: கையில் ஏற்கெனவே உள்ள தொலைபேசியோடு 22 நாள் உழைப்பின் பெறுமதியுள்ள ஒலிக்கருவியைச் சேர்த்தால் கிடைக்கும் பயன், 288 நாள் உழைப்பின் பெறுமதியுள்ள கமெராவை ஒலிவாங்கியின்றி வாங்குவதாற் கிடைக்காது.

இது வெறும் சிக்கன உபதேசமன்று. 2015இல் ஷோன் பேக்கர் நெறிப்படுத்திய ‘டேன்ஜரின்’ ஐபோன் 5எஸ் தொலைபேசிகளில் எடுக்கப்பட்ட முழுநீளப்படம் என்று எங்கும் பேசப்பட்டது. அப்படத்தின் ஒலி தொலைபேசியில் அன்றி, தொழின்முறைக் கருவிகளில் தனியே பதியப்பட்டது என்பது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

ஒலிவாங்கி பேசுபவரின் வாயருகே இருக்க வேண்டும் என்பதற்கு எளிய பௌதிகக் காரணம் ஒன்றுண்டு. தூரம் இரட்டித்தால் ஒலியின் வலு நாலிலொன்றாகும். நான்கடி தூரத்தில் கமெராவின் மேலிருக்கும் ஒலிவாங்கியைக் காட்டிலும், வாயிலிருந்து அரையடி தூரத்திற் சட்டையில் மாட்டிய ஒலிவாங்கி பேச்சை 64 மடங்கு வலுவோடு பெறுகின்றது. சுற்றுப்புற இரைச்சலோ இரண்டிடத்தும் ஏறத்தாழ ஒன்றே. தகரக் கூரை வேய்ந்த லயக் காம்பராவிலே, அடுத்த காம்பராவின் வானொலியும் கோடியில் அழும் குழந்தையும் இஸ்தோப்பிற் பேசுவோரும் ஒருங்கே கேட்கும் சூழலிலே, இந்த 64 மடங்குதான் ஒரு மூதாட்டியின் சொல்லை நமக்குக் காப்பாற்றித் தருகின்றது. மழை தகரத்தில் விழத் தொடங்கினால் எக்கருவியும் உதவாது. வடகீழ்ப் பருவ மழைக்காலத்தில் ஊவாவிற் படப்பிடிப்பை வகுப்போர் பேச்சுக் காட்சிகளை முற்பகலில் வைத்துக்கொள்வது நன்று.

கம்பியில்லா ஒலிவாங்கிகளில் இருவகை உண்டு. மலிவானவை 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குவன. அவ்வலையின் நீளம் ஏறத்தாழ பன்னிரண்டரை சென்ரிமீற்றர். நீர் நிறைந்த மனித உடல் அதனைப் பெரிதும் உறிஞ்சிவிடும். ஈரமான தேயிலைச் செடிகளும் மண்திட்டும் அவ்வாறே. வயர்லெஸ் கோ 2இன் வீச்சு 200 மீற்றர் எனத் தயாரிப்பாளர் கூறுவது இடையில் எத்தடையுமற்ற வெளியில். கொழுந்துக்கூடையைத் தலையிற் கட்டி, செடிகளுக்கிடையே குனிந்து, நமக்கு முதுகு காட்டி மலையேறும் பெண்ணிடம் அவ்வீச்சு மிகக் குறுகிவிடும். செலுத்தியை இடுப்பின் முன்புறத்தில் மறைத்துவைக்காது, தோளருகே ஏற்பியின் பார்வைக்குள் படும் வண்ணம் மாட்டுதல் வேண்டும். மற்றைய வகை, யு.எச்.எப். அலைவரிசையிலே இயங்குவது. 600 மெகாஹேர்ட்ஸ் அளவில் அலைநீளம் அரை மீற்றர். ஆதலால் அது உடலைச் சுற்றி வளைந்து செல்லக்கூடியது. சென்ஹைசரும் சோனியும் செய்யும் இத்தகைய கருவிகள் விலை கூடியவை. அத்துடன் அலைவரிசைப் பயன்பாடு தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்பதையும் வாங்குமுன் கருத வேண்டும்.

சிறுமுதலாளருக்கு நாம் பரிந்துரைப்பது மூன்றாவது வழி: செலுத்தியே தன்னுள் ஒலியைப் பதிந்துகொள்ளும் கருவி. அலை அறுந்தாலும் பதிவு அறாது. றோட் கோ 2, டீஜேஐ மைக் 2 ஆகியவற்றில் இவ்வசதி உண்டு. கம்பியில்லாத் தொடர்பே தேவையில்லை எனின், சட்டைப்பைக்குள் அடங்கும் சூம் எஃப்2 போன்ற பதிவுக்கருவி போதும். படமும் ஒலியும் தனித்தனியே பதிவதால், தொடக்கத்தில் கமெராமுன் ஒருமுறை கைதட்டிவிட்டால் பின்னர் இரண்டையும் பொருத்திக்கொள்ளலாம்.

காற்றைப் பற்றியும் கூற வேண்டும். யூலை முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மத்திய மலைகளைக் கடந்து, ஈரமிழந்து, ஊவாச் சரிவுகளில் வறண்டு வீசுகின்றது. ஊவாத் தேயிலையின் புகழ்பெற்ற மணம் இக்காற்றினாலேயே ஏற்படுகின்றது. ஏலவிற்பனையில் அதற்கு உயர்விலை கிடைக்கும். அதே காற்று ஒலிவாங்கியில் இடிபோல் முழங்கும். ஒலிவாங்கியோடு வரும் பஞ்சுறை இதற்குப் போதாது. நீண்ட மயிர்கொண்ட உறை வேண்டும். சில நூறு ரூபாய்ச் செயற்கை மயிர்த்துணியில் அதனைத் தைத்துக்கொள்ளவும் இயலும். பதுளை நகரத் தையற்கடைகளிலே செய்யக்கூடிய இப்பணி, நூறு டொலர்க் கருவியைக் காட்டிலும் பெரும்பயன் தரும்.

காமன் கூத்து முற்றிலும் வேறான பிரச்சினையை முன்வைக்கின்றது. இரவிலே, திறந்த பொட்டலிலே, தப்பின் அதிர்வும் பாடுவோர் குரலும் ஒருங்கே எழும் நிகழ்வு அது. தப்புக்கு ஏற்ற அளவில் ஒலிமட்டத்தை வைத்தால் பாட்டு அமிழும். பாட்டுக்கு ஏற்ப உயர்த்தினால் தப்பு சிதைந்து கரகரக்கும். ‘32 பிற் ஃபுளோட்’ எனப்படும் பதிவுமுறை இவ்விடத்தே பெரிதும் உதவும். மிக மெல்லியதையும் மிக உரத்ததையும் அது ஒருங்கே கொள்ளும். மட்டத்தைப் பின்னர் சீர்செய்யலாம். ஆனால் ஒலிவாங்கியின் உறுப்பே தாங்காத பேரொலியை எப்பதிவுமுறையும் மீட்டுத் தராது. ஆகவே கருவியைப் பாடுவோர் பக்கம் நிறுத்தித் தப்பிலிருந்து விலக்கி வைத்தல் அவசியம். சி. வி. வேலுப்பிள்ளை திரட்டிய ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ 1983இல் நூலாக வந்தது. அச்சு பாடலின் சொல்லைக் காத்தது. மெட்டும் தாளமும் மூச்சிழுப்பும் ஏட்டில் ஏறுவனவல்ல. நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் ஒலிக்கருவி பற்றி அக்கறை கொள்ள வேண்டியதன் காரணம் இதுவே.

கமெராவைப் பொறுத்தவரை விரிவாகக் கூறுவதற்கில்லை. ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடியான காம்பராவிற் பின்வாங்கி நிற்க இடமில்லை. ஏபிஎஸ்-சி அளவு உணரியுள்ள கமெராவில் 50 மில்லிமீற்றர் வில்லை முகத்தை மட்டுமே காட்டும். அடுப்பும் சாமிப்படமும் கூரையின் புகைக்கரியும் காட்சிக்குள் வர 16 மில்லிமீற்றர் அளவிலான அகல்வில்லை தேவை. வாழ்விடமே வர்க்க நிலையைப் பேசும் இடத்தில், பின்னணியை மங்கலாக்கி முகத்தை மட்டும் அழகுபடுத்தும் மோகம் எமக்கு உடன்பாடானதன்று. இலங்கை மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் ஆதலால் வினாடிக்கு 25 சட்டகம், 1/50 வினாடித் திறப்பு என்று வைத்தால் மின்விளக்கொளி துடிக்காது. பல தொலைபேசிகள் தாமாகவே 30 சட்டகத்திற்குச் செல்லும். பிளாக்மெஜிக் நிறுவனம் இலவசமாக வழங்கும் கமெராச் செயலி போன்றவற்றால் இதனைக் கட்டுப்படுத்தலாம்.

கருவி சிறிதாகவும் விரைவில் ஆயத்தமாவதாகவும் இருக்க வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. விளக்குகளை நிறுத்தி முக்காலியைச் சரிசெய்ய முற்பகல் முழுவதும் கழியுமெனின், பேச வந்தவருக்கு அன்று அரைப்பேர் நட்டம். அந்த நட்டத்தைப் படத்தின் செலவுக் கணக்கிற் சேர்த்து ஈடுசெய்யாதவர், தோட்ட நிருவாகத்தைப் பற்றிப் படமெடுப்பதற்கு முன் தமது கணக்குப் புத்தகத்தை நோக்குவது தகும்.

இவை யாவற்றிலும் பாரதூரமானது ஒன்றுண்டு. சட்டையில் மாட்டிய ஒலிவாங்கி, நேர்காணல் முடிந்தபின்னும் கேட்டுக்கொண்டேயிருக்கும். துரையைப் பற்றியும் கணக்கப்பிள்ளையைப் பற்றியும் தொழிற்சங்கத் தலைவரைப் பற்றியும் ஒருவர் தம் வீட்டாரோடு தாழ்குரலிற் கூறுவது தூரத்தே நிற்கும் நமது காதுக்கு வருகின்றது, செலுத்தியினுள்ளும் பதிவாகின்றது. அச்சொற்கள் வெளிவந்தால் இழக்கப்படுவது நமது வேலையன்று, அவருடையது. லயக் காம்பராவும் தோட்டத்துக்கே உரியதாக உள்ளவிடத்து, வேலையோடு இருப்பிடமும் கேள்விக்குள்ளாகும். ஆகவே ஆளியின் இடத்தையும், பதிவு நடப்பதைக் காட்டும் சிறுவிளக்கையும் பேசுபவருக்கு முதலிலேயே விளக்கி, நிறுத்தும் உரிமையை அவர் கையிலேயே விட வேண்டும். ஆளி எளிதில் அகப்படாத கருவியை, அது எத்துணை மலிவாயினும், வாங்குதல் கூடாது. மறுபுறம், அவர் அறிந்து துணிந்து கூறுவது ஐயமறக் கேட்க வேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தத் தோட்டத்தில் மண்சரிவு லயங்களைப் புதைத்தது. அத்தகைய அழிவிலே உயிர்தப்பியோர் கூறுவது படத்துக்கான உணர்ச்சிப் பொருளன்று, சாட்சியம். காற்றில் அமிழ்ந்த சாட்சியத்தின் மீது வேறொருவர் தம் விவரணையை ஏற்றிவிடுதல் எளிது.

பாதுகாப்பைப் பற்றியும் சில கூறி அமைவோம். வினாடிக்கு 100 மெகாபிற் அளவிற் பதியும் படம் மணித்தியாலத்துக்கு 45 கிகாபைற் இடத்தை உண்ணும். ஒலிக்கோப்போ அதிற் சிறு பகுதியே. ஆதலால் படத்தின் வெட்டுத்துண்டுகளை அழிக்க நேர்ந்தாலும் ஒலியை முழுவதுமாக வைத்திருக்கலாம். வன்தட்டின் பிரதிகள் இரண்டு, இரு ஊர்களில் இருத்தல் நலம். மலைநாட்டு ஈரத்தில் வில்லைக்குள் பூஞ்சணம் பிடிக்கும். காற்றுப்புகாப் பெட்டியில் சிலிக்கா மணிகளுடன் வைத்து, மணிகள் நிறம் மாறியதும் வெயிலில் அன்றி மெல்லிய சூட்டிற் காயவைத்து மீண்டும் இடல் வேண்டும். பேசியவருக்கு அவரது பேச்சின் பிரதியொன்றைத் தொலைபேசியிலேயே ஏற்றிக் கொடுத்துவிடலாம். அதற்குத் தனிச் செலவு எதுவுமில்லை.