பெட்டிக்குள் இருந்த புத்தகம்

(கையால் பிறந்த கருவிகள் – 9)

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்க ராணுவம் தன்னிடம் தேங்கிக் கிடந்த மின்னணு உதிரிபாகங்களைக் குவியல் குவியலாக விற்றுத் தள்ளியதைச் சென்ற வாரம் பார்த்தோம். வாங்கியவர்களில் ஒருவர் ஹோவர்ட் ஆன்தனி. மிச்சிகன் ஏரிக்கரை ஊரான பென்டன் ஹார்பரில் ஹீத் கம்பெனியை நடத்தியவர். எட்வர்ட் ஹீத் என்பவர் தொடங்கிய அந்தக் கம்பெனி, வாங்குபவர் தாமே பூட்டிக்கொள்ளும் சிறு விமானங்களை விற்றுவந்தது. 1931-ல் ஒரு சோதனைப் பறத்தலில் ஹீத் இறந்தார். நொடித்துப்போன கம்பெனியை 1935-ல் ஆன்தனி வாங்கினார்.

அவர் வாங்கிய போர்ச் சரக்கில் ஐந்து அங்குலப் படக்குழாய்கள் இருந்தன. அவற்றைக் கொண்டு ஆசிலோஸ்கோப் செய்யலாம். மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைத் திரையில் காட்டும் அந்தக் கருவி, சாதாரண ரேடியோ மெக்கானிக்கின் கைக்கு எட்டாத விலையில் இருந்தது. வால்வு காலத்துக் கருவிகளில் ஒவ்வொரு கம்பியையும் ஆள் உட்கார்ந்துதான் பற்றவைக்க வேண்டும். விலையில் கணிசமான பங்கு அந்தக் கூலிக்கே போனது. ஆன்தனி அந்த வேலையை வாங்குபவரிடமே விட்டார். 1947-ல் பாகங்களை மட்டும் பெட்டியில் அடுக்கி, 50 டாலரைத் தாண்டாத விலைக்கு அனுப்பினார். 'ஹீத்கிட்' பிறந்தது.

மலிவு மட்டும் அதை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழவைத்திருக்காது. பெட்டியிலிருந்த கையேடுதான் வாழவைத்தது என்பது என் உறுதியான எண்ணம். சால்டரிங் அயர்னைத் தொட்டே இராதவரை மனத்தில் வைத்து எழுதப்பட்ட புத்தகம் அது. எந்த ரெசிஸ்டர், அதன் நிறக்கோடுகள் என்னென்ன, கம்பியை எவ்வளவு நீளத்துக்கு வெட்ட வேண்டும், எந்த முனையில் மாட்ட வேண்டும் என்று ஒவ்வொன்றும் தனித்தனிப் படியாக வரும். படியின் ஓரத்தில் 'டிக்' போட ஓர் இடம். பல கம்பிகள் சேர வேண்டிய முனையை முதல் கம்பியோடு பற்றவைத்துவிட்டால் அடுத்ததை மாட்டுவது தொல்லை. ஆகவே 'இப்போது பற்றவைக்காதே' என்பதற்கு ஒரு குறி. பற்றவைக்கும் நேரம் வந்ததும், அங்கே எத்தனை கம்பிகள் இருக்க வேண்டும் என்ற எண்ணோடு இன்னொரு குறி. எண் பொருந்தவில்லையா? எங்கோ ஒரு படி விட்டுப்போயிருக்கிறது. தவறு நேர்ந்த இடத்திலேயே அதைப் பிடித்துவிடும் இந்த ஏற்பாட்டை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

கடைசிப் பக்கங்களில் சர்க்யூட் வேலை செய்யும் விதம் விளக்கப்பட்டிருக்கும். எந்த முனையில் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும் என்ற விவரமும் உண்டு. அப்படியும் ஓடாவிட்டால் கம்பெனிக்கே அனுப்பலாம். ஆனால் அமிலம் கலந்த ஈயத்தால் பற்றவைத்திருந்தால் தொடவே மாட்டார்கள். அந்த அமிலம் நாளடைவில் கம்பிகளை அரித்துவிடும்.

ரேடியோ, கலர் டிவி, 1977-ல் கம்ப்யூட்டர், 1982-ல் ரோபோ என்று எல்லாம் கிட்டாக வந்தன. இதற்குள் பொருளாதாரம் தலைகீழாகிவிட்டது. ஐ.சி.க்களும் எந்திரப் பூட்டலும் கூலிச் செலவை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்தன. முழுதாகச் செய்த ரேடியோ, கிட்டைவிட மலிவாகக் கிடைத்தது. 1992-ல் ஹீத் கிட் விற்பனையை நிறுத்தியது.

இன்று நம் கடைகளில் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று விற்கும் கிட்டுகள் பலவற்றில் ஒரு பாலிதீன் பை நிறைய பாகங்களும் மங்கலாக அச்சடித்த ஒரு தாளும்தான் இருக்கின்றன. எல்.இ.டி. எரியாமல் போனால் அந்தக் குழந்தை யாரைக் கேட்கும்? தனக்கு இது வராது என்று ஒதுங்கிவிடும். பாகங்களுக்குச் செலவிடும் அக்கறையில் பாதியையாவது எழுத்துக்கும் செலவிடுங்கள் என்று தயாரிப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். தமிழில் எழுதினால் இன்னும் எத்தனையோ பிள்ளைகள் அயர்னைக் கையில் எடுப்பார்கள்.

ஹீத் கம்ப்யூட்டருக்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1975 ஜனவரியில், வேறொரு கம்ப்யூட்டர் கிட் ஒரு பத்திரிகையின் அட்டையில் வந்தது. நியூ மெக்சிகோவின் ஆல்புகெர்க்கியில் எட் ராபர்ட்ஸ் உருவாக்கிய ஆல்டேர் 8800. அதைப் பூட்டுவது பெரும்பாடு. ஆனாலும் ஆர்டர்கள் குவிந்தன. அந்தக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)