தளர்நடைக் குழந்தையுடன் சாரலுக்கு

ஆனி பிறந்து, மேற்கு மலை முகடுகள் கறுத்து, ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் குளிர்காற்றுத் தென்காசித் தெருக்களில் புகத் தொடங்கியதும், நெசவாளர் வீடுகளில் ஒரு சங்கடமும் ஒரு மகிழ்ச்சியும் சேர்ந்தே தோன்றுகின்றன. சங்கடம் பாவைப் பற்றியது. பாவை நீட்டிக் கஞ்சியிட்டு உலர்த்துவதற்கு வெயில் வேண்டும். விட்டு விட்டு விழும் சாரல் அதற்குப் பகை. மகிழ்ச்சி அருவியைப் பற்றியது. தறி ஓடாத நாள் எப்படியும் கூலியில்லாத நாளே; அந்த நாளைக் குற்றாலத்தில் கழித்தால் என்ன என்று வீட்டில் யாரேனும் ஒருவர் கேட்டுவிடுகிறார். பயிரிடுவோர் வீட்டுக் கணக்கு வேறு. சிற்றாற்றில் நீர் வந்தால் கார் நடவு வந்துவிடும். நடவு முடியும்வரை அருவியை நினைக்க அவர்களுக்கு நேரமேது? ஆடி நடுவில்தான் இரண்டு நாள் மூச்சுவிட முடிகிறது.

ஒன்றரை வயதும் இரண்டு வயதுமான குழந்தையை வைத்திருக்கும் வீட்டார் போகலாமா, கூடாதா என்ற கேள்வி ஆண்டுதோறும் எழுகிறது. போகலாம், ஆனால் போகிற முறை வேறு என்பதே நமது விடை. சென்ற சாரலில் எங்கள் தெருவிலிருந்து மூன்று குடும்பத்தார் ஒரு வேன் அமர்த்திக்கொண்டு போய் வந்தோம். குழந்தைகள் நால்வர். அவர்களில் மிக இளையவனுக்கு வயது ஒன்றும் எட்டு மாதமும். அவனை மையமாக வைத்தே இதனை எழுதுகிறோம்; ஏனெனில் அந்த இரண்டு நாட்களும் அவனை மையமாக வைத்தே நடந்தன.

முதலில் வீட்டைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். நடை பழகும் குழந்தைக்குத் தறிவீடு ஓர் அதிசய உலகம். நாடா அவனுக்கு விளையாட்டுப் படகு; தார் சுற்றும் இராட்டினம் அவனுக்கென்றே சுழல்வது. ஆனால் தறிக்குழி அவனுக்குக் கிணறு. மிதியடியின் நடுவே விரலை விட்டுக்கொண்டு அழாத தறிக்காரர் பிள்ளை நம் பகுதியில் அரிது. சாயமிடும் வீடுகளில் காஸ்டிக் சோடாவும் ஹைட்ராசும் கைக்கெட்டும் உயரத்தில் இருப்பதை இன்றும் காண்கிறோம். வயல்காரர் வீடுகளிலோ எஞ்சிய பூச்சிமருந்தைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றி அடுப்பங்கரை மூலையில் வைக்கும் வழக்கம் ஒழிந்தபாடில்லை. புட்டியின் நிறத்தைத்தான் குழந்தை பார்க்கும். உள்ளே இருப்பது இன்னதென்று அதற்குத் தெரியாது. இத்தனைக்கும் நடுவில் நாள் முழுதும் ஒரு கண்ணைக் குழந்தைமேலும் மறு கண்ணைத் தார்மேலும் வைத்திருப்பவள் தாய். துணி முழம் போட்டு அளக்கும்போது கூலி தறிக்காரர் பெயரில் எழுதப்படுகிறது. அதில் பாதி அவள் சுற்றிய தார் என்பது எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. விடுமுறை என்ற ஒன்று உண்டாயின், அது முதலில் அவளுக்கு உரியது என்ற எண்ணத்தோடுதான் இந்தப் பயணத்தைத் தொடங்கினோம். தொடங்கிய எண்ணம் முதல் நாளே தவறிப்போனதைப் பின்னர்ச் சொல்கிறோம்.

மூட்டை கட்டும்போது ஒரு செய்தி நினைவிருக்கட்டும். சாரலில் எதுவும் உலராது. வீட்டில் நான்கு அரைத்துணிகளை மாற்றி மாற்றித் துவைத்து ஒப்பேற்றும் தாய், குற்றாலத்தில் காலையில் துவைத்ததை மறுநாள் காலையிலும் ஈரமாகவே காண்பாள். பழைய மெல்லிய வேட்டியைக் கிழித்து இரண்டு டஜன் துண்டுகள் எடுத்துக்கொள்வது நலம். துவட்டுவதற்குப் பூந்துவாலையை விட நம் ஈரிழைத் துண்டே மேல். அது நீரை விரைவில் உறிஞ்சும், பிழிந்து உதறினால் விரைவில் காயும், குழந்தையின் தோலை உராய்வதுமில்லை. சங்கத்துச் சரக்கை நாமே புகழ்கிறோம் என்று எண்ண வேண்டா. பெரிய துவாலை கொண்டுவந்த குடும்பத்தார் இரண்டாம் நாள் எங்களிடம்தான் துண்டு கேட்டு வந்தனர்.

பேரருவியின் முன்னே வேனை விட்டு இறங்கினோம். மலைமேலிருந்து வரும் நீர் நடுவழியில் பொங்குமாங்கடல் என்னும் பாறைத் தடாகத்தில் விழுந்து, அங்கே பொங்கி எழுந்து, பிறகே கீழே விழுகிறது. அத்தடாகம் மட்டும் இல்லையாயின் அந்த விசையின் கீழ் மனிதன் நிற்க முடியாது. அவ்வாறு விசை தணிந்து விழும் நீரின் இரைச்சலே பெரியவர்களுக்கு இன்பமாயிருந்தது. சிறியவனுக்கோ பெரும் அச்சம். முகத்தைத் தாயின் தோளில் புதைத்துக்கொண்டு, கழுத்தை இறுகப் பற்றிக்கொண்டு, அவன் அழுத அழுகை அருவியோசையையும் மீறிற்று. "ஒரு தடவை தலையைக் காட்டி எடுத்துவிடம்மா, பயம் தெளிஞ்சிரும்" என்று பக்கத்தில் நின்ற ஆச்சி ஒருவர் அன்போடு சொன்னார். அந்த அன்பை மதிக்கிறோம்; யோசனையை ஏற்கவில்லை. அருவி நீரின் கனம் பெரியவர் தோளுக்குப் பிடித்துவிட்டது போல் இருக்கலாம். இளங்கழுத்துக்கு அது அடி. முகத்தில் நீர் விழும்போது மூச்சை அடக்கும் பழக்கமும் அவ்வயதில் வந்திராது.

குளிரைப் பற்றியும் மருத்துவர் சொல்லும் காரணம் எளிதானது. எடையோடு ஒப்பிட்டால் குழந்தை உடலின் மேற்பரப்பு நம்முடையதை விடப் பெரிது. ஆகவே சூடு விரைவில் வெளியேறிவிடும். நாம் சிலிர்த்து மகிழும் நேரத்திற்குள் அவன் உதடு நீலம் பூத்துவிடும். நடுங்கினாலும், வழக்கத்திற்கு மாறாகச் சோர்ந்து அடங்கினாலும், உடனே துவட்டி, உலர்ந்த துணி போர்த்தி, மார்போடு அணைத்துக்கொள்ள வேண்டும். "சும்மா இருக்கிறானே, பழகிவிட்டான்" என்று எண்ணுவதுதான் பிழை.

தடாகங்களையும் ஓடைகளையும் பற்றி இன்னும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2022 டிசம்பரில் பழைய குற்றாலத்தில், பெற்றோர் அருகிலிருக்கவே, தடாகத்தில் விளையாடிய நான்கு வயதுப் பெண்குழந்தையை நீர் இழுத்துச் சென்றது. அங்கே குளிக்க வந்திருந்த இளைஞர் ஒருவர், ஊர் பேர் தெரியாத அக்குழந்தைக்காகப் பாறைவழியே இறங்கி அதனை மீட்டுக் கொடுத்தார். 2024 மே 17 அன்று அதே பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் பாய்ந்தபோது, பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். அப்போது சாரல் காலமே தொடங்கவில்லை. கோடை மழை மலைமேல் பெய்தது. கீழே நிற்பவருக்கு மேலே பெய்யும் மழை தெரியாது என்பதே குற்றாலத்தின் ஆபத்து. பேரருவியில் நீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழும்போது குளிக்கத் தடை விதிக்கிறார்கள். அவ்வேளைகளில் காவலரோடு வாதாடும் பெற்றோரைக் கண்டோம். வெகுதூரத்திலிருந்து செலவு செய்து வந்த ஏக்கம் புரிகிறது. இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு வாதாடியதுதான் புரியவில்லை.

எங்கள் சிறுவன் எங்கே குளித்தான் என்பீர்கள். தங்கியிருந்த இடத்தின் முற்றத்தில், ஒரு வாளி அருவிநீரோடு ஒரு செம்பு வெந்நீர் கலந்து, தன் கையாலேயே சிறு குவளையில் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டு குளித்தான். குற்றாலத்தில் அவன் கண்ட பேரின்பம் அதுவே. அதற்கு அடுத்தபடி, சாலையோரத்தில் நின்ற ஓர் ஆட்டுக்குட்டி.

குரங்குகளை அவனுக்கு மிகவும் பிடித்திருந்தது. அவற்றுக்கும் அவனைப் பிடித்திருந்தது, கையில் வாழைப்பழம் இருந்த வரையில். பிடுங்கிச் செல்லும்போது நகம் பட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் நன்கு கழுவி, அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மஞ்சள் பூசிவிட்டு இருந்துவிடலாகாது. பருவத்துப் பழங்களான மங்குஸ்தானும் ரம்புட்டானும் கடைகளில் குவிந்திருந்தன. ரம்புட்டானின் சதை வழுவழுப்பாய் உருண்டிருப்பதால், சிறு குழந்தையின் தொண்டையில் விதையோடு நழுவி மூச்சை அடைத்துவிடும். விதை நீக்கி, பிய்த்துப் பிய்த்துத்தான் ஊட்ட வேண்டும். வேர்க்கடலைக்கும் இதுவே விதி. பிரானூர்ப் பக்கத்துப் பரோட்டாவைப் பெரியவர்கள் விடவில்லை. செங்கோட்டைப் பகுதி 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணையும்வரை எல்லை அங்கேதான் இருந்தது, எல்லை போன பின்னும் 'பார்டர்' என்ற பெயர் போகவில்லை. சிறியவனுக்கு இட்டிலியே போதுமாயிருந்தது.

மாலையில் தென்காசிக்குச் சென்றோம். 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய காசி விசுவநாதர் கோயிலின் இராசகோபுரம் நெடுங்காலம் சிதைந்து நின்று, 1990இல் ஒன்பது நிலைகளோடு மீண்டும் எழுந்து குடமுழுக்குக் கண்டது. அந்த வாயிலில் நுழைகையில் காற்று முதலில் எதிரே தள்ளும், பிறகு பின்னிருந்து உந்தும். அருவிக்கு அஞ்சிய பிள்ளை இந்தக் காற்றுக்கு அஞ்சவில்லை. சட்டை படபடக்க, இரு கைகளையும் விரித்துக்கொண்டு, நான்கு அடி நடப்பதும் பொத்தென்று உட்காருவதுமாக அரை மணி நேரம் அந்த வாயிலை விட்டு வர மறுத்தான். கோயிலுக்கு வந்தவர்கள் சிரித்துக்கொண்டே அவனைச் சுற்றிப் போனார்கள்.

அன்றிரவு பாய் விரிக்கும்போதுதான் கணக்குப் பார்த்தோம். ஆடவர் ஐவரும் பேரருவியில் இரண்டு முறை, ஐந்தருவியில் ஒரு முறை குளித்திருந்தார்கள். எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிட்டுக்கொண்டவரும் உண்டு. சிறுவனின் தாய் ஒருமுறைகூட நனையவில்லை. குழந்தையைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றாள், ஈரத்துணியைப் பிழிந்தாள், கஞ்சி காய்ச்சினாள், தூங்கவைத்தாள். வீட்டில் செய்ததை வேறூரில் செய்தாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை, யாருக்கும் தோன்றவுமில்லை. அவளும் கேட்கவில்லை. நமக்குச் சற்று வெட்கமாகவே இருந்தது.

ஆகவே மறுநாளுக்கு முறை வைத்தோம். சங்கத்தில் நூல் வாங்க வரிசை வைப்பது போல, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று மூன்று வீட்டாரும் ஒப்புக்கொண்டோம். பார்ப்பவர் கையில் கைப்பேசி இருக்கக்கூடாது, நால்வரையும் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும், அடுத்தவர் வந்து "நான் ஏற்றுக்கொண்டேன்" என்று வாயால் சொல்லும்வரை நகரக்கூடாது என்பன நிபந்தனைகள். 'அவர் பார்த்துக்கொள்வார்' என்று நால்வரும் நினைத்திருக்கும் நேரத்தில்தான் குழந்தை நீர்ப்பக்கம் போகிறது. முதல் முறை சிறுவனின் தகப்பனாருக்கு விழுந்தது. அந்த ஒரு மணி நேரத்தில் அவர் இரண்டு துணி மாற்றினார், ஒரு குரங்கை விரட்டினார், ஆட்டுக்குட்டியைத் தேடி அரைக் கல் தொலைவு நடந்தார். தறியில் எட்டு மணி நேரம் இருந்தாலும் இப்படி இடுப்பு நோகாது என்று பிறகு சொன்னார்.

தாயோ பெண்கள் பகுதிக்குப் போனவள், முக்கால் மணி நேரம் கழித்துத்தான் வந்தாள். கூந்தலிலிருந்து நீர் சொட்ட, கண்கள் சிவந்து, ஆளே மாறியிருந்தாள். பிள்ளையை வாங்கிக்கொள்ள அவள் கை நீட்டியபோது, இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது என்று தகப்பனார் கொடுக்க மறுத்துவிட்டார். அவள் சிரித்தபடியே மறுபடியும் அருவிக்குப் போனாள்.