காணாமற்போன ஜவான்: கடைசி மணியார்டரிலிருந்து ஒரு தேடல்

"பினாங்கு போனவரு, சப்பான் சண்டையோட தகவல் இல்லே." கீழத்தஞ்சையின் சேரிகளில் ஒரு முழு வாழ்க்கை இப்படி ஒற்றை வாக்கியத்தில் முடிந்துபோவதுண்டு. இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து திரும்பாத தோட்டத் தொழிலாளியை எங்கே தேடுவது?

முதல் தடயம் நாகப்பட்டினம் துறைமுகம். மிராசுதாரின் பண்ணையில் கடனுக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தவனை, அவன் ஊருக்கே வந்து கங்காணி திரட்டிப் போனான். 1938இல் இந்திய அரசு இதைத் தடுக்கும்வரை கப்பல் கப்பலாக ஜனங்கள் போனார்கள். தோட்டத்துச் செக்ரோலில் அவனுக்குப் பெயர் இருந்தது, கூலி என்கிற அளவில்.

1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. ஜப்பானியர் சயாம்-பர்மா ரயில் பாதைக்கு ஆள் பிடித்தார்கள். 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்த சுபாஷ் சந்திர போஸ் படைக்கு ஆள் கேட்டார். படையில் சேர்வது ரயில் பாதையிலிருந்து தப்பும் வழியாகவும் இருந்தது. இதைத் தேசபக்தி என்று மட்டும் சொன்னால் அவன் பசியை மறைக்கிறோம். பசி என்று மட்டும் சொன்னால் அவன் எடுத்த முடிவைப் பறிக்கிறோம். நேற்றுவரை கூலி, இன்று ஜவான். இந்தப் பெயர்மாற்றம் அவனுக்குச் சின்ன விஷயமா என்ன?

1944இல் இம்பால் முற்றுகை தோற்றது. பசியிலும் மலேரியாவிலும் பின்வாங்கிய படை பர்மாவில் சிதறியது. கல்லறை தெரியாத பிரிட்டிஷ் தரப்புச் சிப்பாய்களுக்கு ரங்கூன் அருகே தாவுக்கியானில் சுமார் 27,000 பெயர்களும், சிங்கப்பூர் கிராஞ்சியில் 24,000க்கு மேற்பட்ட பெயர்களும் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. நம்மவன் எதிர்த்தரப்பு, அந்தக் கல்லில் இடமில்லை. 1945 ஜூலை 8இல் சிங்கப்பூரில் போஸ் அடிக்கல் நாட்டிய நினைவுச்சின்னத்தை, செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷார் தகர்த்தார்கள். செங்கோட்டையில் முதலில் நிறுத்தப்பட்ட மூவரும் அதிகாரிகள். தேசம் மனப்பாடம் செய்ததும் அந்தப் பெயர்களைத்தான்.

இலக்கியம் மட்டும் என்ன செய்தது? 1972இல் வெளிவந்த ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' இந்தப் படையைத் தமிழுக்குள் கொண்டுவந்தது. ஆனால் அதன் பாண்டியன் வட்டிக்கடை உலகத்திலிருந்து போனவன். பால்மரக் காட்டிலிருந்து போனவன் அல்ல.

தியாகி ஓய்வூதியம் சிறைச் சான்று கேட்டது, அல்லது உடனிருந்தவர் சான்று. காணாமற்போனவனுக்கு ரெண்டும் கிடையாது. ஏழாண்டு தகவல் இல்லையென்றால் இறந்ததாகக் கொள்ளலாம் என்கிறது சாட்சியச் சட்டம். அந்த ஏழாண்டும் அதற்கப்புறமும் தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று நின்றவளின் காலத்தை எந்தச் சட்டமும் கணக்கில் வைக்கவில்லை.

ஆகவே தேடலை வீட்டிலிருந்து துவங்குவோம். "எப்போ செத்தார்?" என்று கேட்பதில் பயனில்லை. "கடைசி மணியார்டர் எப்போ வந்தது?" என்று கேட்போம். வயதானவர்கள் சொல்லிவிடுவார்கள், சண்டை வந்ததும் காசு நின்னுபோச்சு என்று. அது மலாயா வீழ்ந்த தேதி, அவன் வீழ்ந்த தேதியல்ல. அதற்குப் பிறகும் ஓராண்டோ மூன்றாண்டோ அவன் வாழ்ந்திருக்கலாம், துப்பாக்கி ஏந்தியிருக்கலாம். ஊர் அவனைப் புதைத்துவிட்ட பிறகு அவன் வாழ்ந்த அந்த நாட்கள்தான் நாம் எழுத வேண்டிய வரலாறு.