செய்தியைத் தேர்பவர் யார்?

இந்திய நாளிதழ் ஒவ்வொன்றிலும் ஏதேனும் ஒரு பக்கத்தின் அடியில், பெரும்பாலும் மிகச் சிறிய எழுத்தில், அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர் ஆகியோரின் பெயர்கள் இடம்பெறும். இவ்வழக்கத்தை நிலைநிறுத்திய 1867-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், செய்தித்தாளில் வெளியாவனவற்றின் தேர்வைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவரே ஆசிரியர் என வரையறுத்தது. 2023-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் அதற்கு மாற்றாக வந்துவிட்ட போதிலும், பொறுப்பு ஒருவர் பெயரில் இருக்க, தேர்வோ பலர் கையில் நிகழ்கிறது என்னும் சிக்கல் மாறவில்லை.

செய்தி திரட்டும் நிருபர்களைத் தலைமை நிருபரும், வந்த செய்திகளைச் செப்பனிட்டுத் தலைப்பிடும் துணை ஆசிரியர்களைச் செய்தி ஆசிரியரும் வழிநடத்துவது பொதுவான ஏற்பாடு. முதற்பக்கத்தில் எது வரவேண்டும் என்பதை ஆசிரியர் குழுவின் மாலைக் கூட்டம் முடிவுசெய்கிறது. ஆயினும் விளம்பரங்களுக்கான இடங்களைக் கட்டமிட்டுக் காட்டும் பக்க வரைவாகிய 'டம்மி' விளம்பரப் பிரிவிலிருந்து வந்துவிடுவதால், எஞ்சிய பரப்புக்குள்தான் அக்கூட்டத்தின் விவாதம் அனைத்தும் அடங்க வேண்டும்.

தொலைவிலுள்ள ஊர்களுக்கான பதிப்பு முன்னதாகவும் நகரப் பதிப்பு இறுதியாகவும் அச்சுக்குப் போகின்றன. இடையில் ஒரு ரயில் விபத்தோ தலைவர் ஒருவரின் மறைவோ நேர்ந்தால், முதற்பக்கத்தைக் கலைத்து அடுக்கும் முடிவை எடுப்பவர் வீட்டிலிருக்கும் ஆசிரியர் அல்லர், இரவுப் பணியின் பொறுப்பாளரே. அவர் எதைத் தாமே முடிவுசெய்யலாம், எதற்குத் தொலைபேசியில் ஆசிரியரை எழுப்ப வேண்டும் என்பது முன்கூட்டியே தெளிவாயிருத்தல் வேண்டும். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடுவதைச் சட்டமே தடுக்கிறது; ஆனால் குற்றம் சாட்டப்படுபவரின் விளக்கம் கிடைக்கும்வரை ஒரு செய்தியை நிறுத்திவைப்பதா என்பதற்கு விதியைவிட, ஆசிரியர் நாள்தோறும் எடுத்த முடிவுகளைப் பார்த்துப் பழகிய பயிற்சியே துணைநிற்கிறது. அதிகாரத்தைப் பகிராத ஆசிரியரின் அலுவலகத்தில், இரவுப் பணியாளர்கள் துணிந்து முடிவெடுக்கத் தயங்கிப் பதிப்பைத் தாமதப்படுத்துவர். தாமதமான பதிப்பு வண்டியைத் தவறவிடும்.

ஆசிரியரின் தேர்வையே கேள்விக்குட்படுத்தும் பதவியும் உண்டு. 'தி இந்து' நாளிதழ் 2006-இல் ஏற்படுத்திய 'வாசகர் ஆசிரியர்' என்னும் பதவியில் இருப்பவருக்குச் செய்தித் தேர்வில் பங்கில்லை. வெளியானவை குறித்து வாசகர் எழுப்பும் புகார்களை ஆராய்ந்து திருத்தம் வெளியிடுவதே அவர் பணி. இதற்கு முன்னோடியாக, பிரிட்டனின் 'கார்டியன்' 1997-இலேயே இப்பதவியை உருவாக்கியிருந்தது; அங்கு வாசகர் ஆசிரியரை நீக்கும் அதிகாரம் ஆசிரியரிடம் இல்லாமல், அந்நாளிதழின் உரிமை அமைப்பாகிய ஸ்காட் அறக்கட்டளையிடம் விடப்பட்டுள்ளது.