மேடுபள்ளப் பாதையும் மிதிவண்டி இருக்கையும்

மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொண்ட நாளில் நம்மில் பலருக்கு இருக்கையே தேவைப்படவில்லை. அப்பாவின் பெரிய வண்டியில் பாருக்கு அடியில் காலை நுழைத்து, குரங்குப் பெடல் போட்டே தெருவெல்லாம் சுற்றினோம். பிறகு கால் எட்டியது, ஏறி உட்கார்ந்தோம். உட்கார்ந்த நாளிலிருந்து ஒரு வலியும் நம்மோடு உட்கார்ந்துகொண்டது. டயர் பஞ்சரானால் ஊருக்கே சொல்லுகிறோம். செயின் கழன்றால் நடுத்தெருவில் நின்று மாட்டுகிறோம். ஆனால் இந்த வலியைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. உட்காரும் இடத்து வலி அல்லவா, சொல்லக் கூச்சம்! அந்தக் கூச்சத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, அறிவியல் மாணவன் என்ற முறையில் சில செய்திகளை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறேன்.

என் ஊர் சுத்துக்கேணி. சங்கராபரணி ஆற்று நீரை ஊசுட்டேரிக்குக் கொண்டு சேர்க்கும் வாய்க்கால் எங்கள் ஊர்ப் பெயரைக் கொண்டது. அதன் கரையில்தான் என் பயணத்தின் பெரும்பகுதி நடக்கிறது. மழைக்காலத்தில் சேறு. மழை நின்றதும், கரும்பு ஏற்றிய டிராக்டர்களின் தடம் அப்படியே காய்ந்து கல்லாகிவிடும். அத்தடத்தில் சக்கரம் விழுந்து எழும் ஒவ்வொரு முறையும் அடி வாங்குவது டயர் மட்டுமன்று. இருக்கையின் மேல் இருக்கும் நாமும்தான்.

முதலாண்டில் நான் ஒரு தவறு செய்தேன். வலி போகவேண்டும் என்று கடையில் இருந்தவற்றிலேயே மிகவும் தடித்த, மிகவும் மெத்தென்ற இருக்கையைத் தேர்ந்தெடுத்து மாட்டினேன். கடையில் விரலால் அழுத்திப் பார்த்தபோது பஞ்சணை போலிருந்தது. ஊசுட்டேரி வருவதற்குள் தொடைக்கு நடுவே மரத்துப்போய்விட்டது. இறங்கி நடந்த பிறகே உணர்ச்சி திரும்பியது. மெத்தையில் அமர்ந்தவனுக்கு ஏன் மரத்துப்போகவேண்டும்? இக்கேள்விக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

எலும்பு தாங்கும், நரம்பு தாங்காது

நாம் நேராக உட்காரும்போது உடலின் எடையைத் தாங்குபவை இடுப்பெலும்பின் அடியில் உள்ள இரண்டு முனைகள். திண்ணையில் உட்கார்ந்து உள்ளங்கைகளை அடியில் வைத்துப் பார்த்தால் அவை கையில் தட்டுப்படும். இயற்கை அவற்றை எடை தாங்குவதற்கென்றே படைத்திருக்கிறது. அவ்விரண்டிற்கும் நடுவே உள்ள மென்மையான பகுதியிலோ முக்கியமான நரம்பும் இரத்தக்குழாய்களும் செல்லுகின்றன. எடை தாங்குவது அவற்றின் வேலையன்று. நெடுநேரம் அவை நசுங்கினால் முதலில் மரத்துப்போகும். தொடர்ந்தால் கேடு விளையும்.

அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்துக் கிடைப்பது என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். முப்பது கிலோ எடை முப்பது சதுர சென்டிமீட்டர் பரப்பில் இறங்கினால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் ஒரு கிலோவைத் தாங்கவேண்டும். பரப்பு இரண்டு மடங்கானால் அழுத்தம் பாதியாகும். அப்படியானால் மெத்தென்ற இருக்கை நல்லதுதானே என்று கேட்கலாம். இங்கேதான் நான் ஏமாந்தேன். மென்மையான பஞ்சில் எலும்பு முனைகள் இரண்டும் உள்ளே புதைந்துவிடுகின்றன. அவை புதையும்போது நடுவிலுள்ள பஞ்சு மேலெழுந்து, தாங்கக் கூடாத இடத்தைத் தாங்கத் தொடங்குகிறது. ஆகவே அழுத்தம் எவ்வளவு என்பது மட்டுமல்ல, எங்கே என்பதே முதற் கேள்வி. சற்று உறுதியான இருக்கை முதல் சில நாட்கள் கடினமாகத் தோன்றினாலும், எடையை எலும்பின் மேல் நிறுத்துகிறது.

இது வெறும் ஊகமன்று. அமெரிக்காவில் மிதிவண்டியில் ரோந்து செல்லும் ஆண் காவலர்கள் 90 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வொன்று 2008-ஆம் ஆண்டு வெளியாயிற்று. முன்பக்க மூக்கு இல்லாத இருக்கையை அவர்கள் ஆறு மாதம் பயன்படுத்தினார்கள். தொடக்கத்தில், மரத்துப்போகும் தொல்லை இல்லை என்று கூறியவர்கள் நூற்றுக்கு 27 பேர். ஆறு மாதத்திற்குப் பின் அப்படிக் கூறியவர்கள் நூற்றுக்கு 82 பேர்! மூக்கில்லாத இருக்கை நம் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. தவிரவும் மேடுபள்ளத்தில் வண்டியைத் தொடையால் நிலைப்படுத்த அம்மூக்கு உதவுகிறது. எனினும் நடுப்பகுதிக்கு அழுத்தம் குறைந்தால் தொல்லை குறையும் என்ற உண்மையை அவ்வாய்வு தெளிவாக்குகிறது. நடுவே நீளப் பள்ளம் விட்ட இருக்கைகள் இந்த எண்ணத்திலேயே செய்யப்படுகின்றன.

அளந்து வாங்குக

செருப்பு வாங்கும்போது கால் அளவு கேட்கிறோம். இருக்கை வாங்கும்போது எந்த அளவும் கேட்பதில்லை. அளப்பதோ மிக எளிது. மளிகைக் கடையிலிருந்து நெளியட்டைப் பெட்டி ஒன்றை வாங்கி, ஒரு பக்கத்தை வெட்டியெடுத்துத் திண்ணையிலோ கட்டைப் பலகையிலோ போடுங்கள். அதன்மேல் உட்கார்ந்து, மிதிவண்டியில் சாய்வது போல் சற்றே முன்னால் சாயுங்கள். சிறிது நேரம் கழித்து எழுந்தால் அட்டையில் இரண்டு குழிகள் விழுந்திருக்கும். சாக்கட்டியைப் படுக்கவைத்து லேசாகத் தேய்த்தால் குழிகள் தெளிவாகத் தெரியும். குழிகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தை அடிக்கோலால் அளக்கவேண்டும். பெரும்பாலோர்க்கு அது 10 முதல் 14 சென்டிமீட்டருக்குள் இருக்கும். சராசரியாகப் பார்த்தால் பெண்களுக்குச் சற்று அதிகம். இத்தூரத்துடன் 2 அல்லது 3 சென்டிமீட்டர் கூட்டினால் இருக்கையின் பின்பக்க அகலம் கிடைக்கும். எனக்கு 11 வந்தது. ஆகவே 13 அல்லது 14 சென்டிமீட்டர் அகலமே போதும். நான் வாங்கிய பஞ்சணையோ அதைவிட மிகவும் அகலம். தொடை உரசிப் புண்ணானதற்கும் அதுவே காரணம்.

நாம் அமரும் முறையையும் பார்க்கவேண்டும். பழைய பெரிய வண்டிகளில் முதுகை நிமிர்த்தி அமர்கிறோம். அப்போது எடையின் பெரும்பங்கு இருக்கையின் மேல் இறங்குவதால், அகலமான, ஸ்பிரிங் வைத்த இருக்கை பொருந்தும். தாழ்ந்த ஹேண்டில் உள்ள வண்டிகளில் முன்னால் சாய்வதால் எடையில் ஒரு பங்கு கைகளுக்குப் போகிறது. அங்கே குறுகிய இருக்கை பொருந்தும்.

ஸ்பிரிங்கின் கதை

இருக்கை வலி நமக்கு மட்டும் வந்ததன்று. 1860-களில் ஐரோப்பாவில் ஓடிய, இரும்புப் பட்டை போட்ட மரச்சக்கர வண்டிகளை ஆங்கிலேயர்கள் 'எலும்பு குலுக்கி' என்றே அழைத்தார்கள். காற்றடைத்த டயரை டன்லப் 1888-ஆம் ஆண்டு கொண்டுவந்த பிறகே குலுக்கல் குறைந்தது. அதற்குச் சற்று முன், 1882-இல், இங்கிலாந்தின் பர்மிங்காமில் தோல் வேலை செய்துவந்த புரூக்ஸ் என்பவர் மிதிவண்டி இருக்கை ஒன்றுக்குக் காப்புரிமை கோரினார். இரும்புச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய அத்தகைய தோலிருக்கை, நாளடைவில் அமர்பவரின் எலும்புக்கேற்பக் குழிந்து கொடுக்கும். நம் தாத்தாக்கள் ஓட்டிய வண்டிகளில் கண்ட ஸ்பிரிங் வைத்த தோலிருக்கை அந்த வழியில் வந்ததே. அதை மழையில் நனையவிடாமல் காப்பது அவசியம். நனைந்த தோலின்மேல் அமர்ந்து ஓட்டினால் அது தளர்ந்து தொங்கிவிடும்.

ஸ்பிரிங் இருந்தால் எல்லாக் குலுக்கலும் போய்விடும் என்று எண்ணக் கூடாது. ஒரு பள்ளத்தில் திடீரென விழும் அடியை அது நன்றாக வாங்கிக்கொள்ளும். ஆனால் வரிவரியாக மேடுபள்ளம் வரும் பாதையில் வேறொன்று நிகழ்கிறது. ஊஞ்சலை அதன் தாளத்திற்கேற்பத் தள்ளினால் ஆட்டம் பெருகுவதுபோல, குலுக்கலின் வேகம் ஸ்பிரிங்கின் இயற்கை அதிர்வெண்ணோடு ஒத்துப்போனால் இருக்கை நம்மைத் தூக்கித் தூக்கிப் போடும். இயற்பியலில் இதனை ஒத்ததிர்வு என்கிறோம். அப்போது வேகத்தைக் கூட்டினாலோ குறைத்தாலோ ஆட்டம் அடங்கும்.

உண்மையில் நம்மிடமுள்ள மிகச் சிறந்த ஸ்பிரிங் நம் கால்களே. பள்ளம் வருவதைக் கண்டதும் இரண்டு பெடல்களையும் தரைக்குச் சமமாக நிறுத்தி, முழங்காலைச் சற்று மடக்கி, இருக்கையிலிருந்து நான்கு விரற்கடை எழுந்து நின்றால் போதும். வண்டி குதிக்கும், நாம் குதிக்க மாட்டோம். குரங்குப் பெடல் காலத்தில் நாம் அறியாமலே செய்தது இதுதான்!

செலவில்லாத திருத்தங்கள்

புதிய இருக்கை வாங்குமுன் பழையதைச் சரியாகப் பொருத்திப் பாருங்கள். ஒரு ஸ்பேனர் போதும்.

முதலாவது, சாய்வு. கொத்தனாரின் ரசமட்டத்தை இருக்கையின்மேல் நீளவாக்கில் வைத்துப் பார்க்கவேண்டும். மூக்கு மேலே தூக்கியிருந்தால் நடுப்பகுதி நசுங்கும். கீழே சரிந்திருந்தால் உடல் வழுக்கிக் கைகளுக்குச் சுமை ஏறும். மட்டமாக இருப்பதே நல்ல தொடக்கம்.

இரண்டாவது, உயரம். அமர்ந்து குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் மிகத் தாழ்ந்திருக்கும்போது முழங்கால் நேராக நீளவேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதித்தால் முழங்கால் சற்றே மடங்கியிருக்கும். கரடான பாதையில் கால் ஊன்ற வசதியாக ஓரிரு சென்டிமீட்டர் தாழ்த்திக்கொள்ளலாம், அதற்குமேல் வேண்டாம். தாழ்ந்த இருக்கையில் கால்கள் எடையை வாங்காமல் எல்லாம் இருக்கையின்மேலேயே இறங்கும்.

மூன்றாவது, முன்பின் தூரம். பெடல்கள் தரைக்குச் சமமாக நிற்கும்போது முன்காலின் முழங்கால் சில்லுக்குக் கீழிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால், அது ஏறக்குறையப் பெடல் அச்சின்மேல் விழவேண்டும்.

இவற்றோடு டயரில் காற்றைக் கல்லாக ஏற்றாமல் சற்றுக் குறைத்துக்கொள்வதும், நடுவே தடித்த தையல் வரும் காற்சட்டையைத் தவிர்ப்பதும் நன்று.

சொல்லாமல் விட்ட வலி

இவ்வளவையும் நான் எனக்காகவே செய்துகொண்டேன். என் தங்கையும் அதே கரையில்தான் மிதிவண்டியில் வந்துகொண்டிருந்தாள். ஒரு நாள் வண்டியைக் கொட்டகையில் சாத்திவிட்டு, இனிப் பஸ்ஸில் போகிறேன் என்றாள். பஸ்ஸைத் தவறவிட்ட நாட்களில் முதல் வகுப்பு போயிற்று. வருகைப் பதிவு குறைந்தது. சோம்பல் என்று நான் கேலி செய்தேன். காரணத்தை அவள் அம்மாவிடம்தான் சொல்லியிருந்தாள். அம்மா என்னிடம் சொல்ல இரண்டு மாதம் ஆயிற்று. அன்று மாலை கொட்டகையில் போய்ப் பார்த்தேன். அவள் வண்டியின் இருக்கை மூக்கை மேலே தூக்கிக்கொண்டு, மிகவும் தாழ்ந்து, வாங்கிய நாளில் இருந்தபடியே இருந்தது. அவளே அட்டையில் அளந்து சொன்ன கணக்கு 13. நடுவே பள்ளம் விட்ட, 16 சென்டிமீட்டர் அகலமுள்ள இருக்கை ஒன்றை வாங்கி மட்டமாகப் பொருத்தினோம். ஒரு வாரம் சென்று, "அண்ணா, இப்ப பரவாயில்ல" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மறுநாளும் வண்டியில்தான் வந்தாள்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான கிராமப்புறப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றார்கள். பெண்களுக்கான வண்டி போதிய அளவு கிடைக்காததால் பலர் ஆண்கள் வண்டியையே ஓட்டினார்கள். மிதிவண்டி அவர்களுக்கு வேலைக்கும் சந்தைக்கும் வழி திறந்தது. அப்படித் திறந்த ஒரு வழி, அரை அங்குலச் சாய்வினால் ஒரு வீட்டில் அடைபடலாம் என்பதை என் வீட்டிலேயே கண்டேன்.

நண்பர்களே! மரத்துப்போவதைப் பழகிவிடும் என்று விட்டுவிடாதீர்கள். இறங்கிய பிறகும் உணர்ச்சி திரும்பாவிட்டாலோ, புண் ஆறாவிட்டாலோ மருத்துவரைப் பார்ப்பது கடமை. மற்றதற்கெல்லாம் ஓர் அட்டைத் துண்டும், ஒரு ஸ்பேனரும், கொஞ்சம் வாய் திறந்து பேசும் துணிவுமே போதும். இன்று மாலை வீடு திரும்பியதும் உங்கள் வண்டியைப் பாருங்கள். பக்கத்தில் தங்கையின் வண்டியோ அக்காளின் வண்டியோ நின்றால், அவர்களைக் கேட்டுவிட்டு அதையும் சரிசெய்துகொடுங்கள்.